சீட்டு என்கிற சம்பளம்

எங்கள் பக்கத்துக் கபடிக்காரப் பையனிடம், "காலேஜ்ல உனக்கு என்னப்பா தர்றாங்க?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும்: "சீட்டு." அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மதிப்பெண் குறைந்தாலும் சேர்க்கை, கட்டணத்தில் பாதியோ முழுதோ தள்ளுபடி, விடுதியில் இடம், மெஸ்ஸில் சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ, ஒரு ஜெர்சி. பதிலுக்கு மூன்று வருஷமோ நான்கு வருஷமோ அந்தக் கல்லூரியின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். விடியற்காலையில் மைதானம், சாயங்காலம் மறுபடியும் மைதானம், மண்டலப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, நடுவில் நிர்வாகம் அனுப்புகிற எல்லா டோர்னமெண்டும்.

கொடுக்கல் வாங்கல் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் இதற்குச் சம்பளம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. சலுகை என்பார்கள், ஊக்கம் என்பார்கள். சீட்டு என்று பேர்தான். துண்டுச்சீட்டில்கூட எதுவும் எழுதித் தருவதில்லை.

2025 ஜூன் 6 அன்று அமெரிக்காவில், கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி கிளாடியா வில்கென் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி அந்நாட்டுக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 175 கோடி ரூபாய். முன்பு ஆடிப்போனவர்களுக்குப் பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், பத்து ஆண்டுகளில். நூறு வருஷத்துக்கும் மேலாக "இவர்கள் மாணவர்கள், தொழிலாளர்கள் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாடு அன்றைக்குச் சரிந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் சீட்டுதான் ஞாபகம் வந்தது. அங்கே கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். கல்லூரி ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுத்தால் ஆட்டம் என்ன ஆகும்? ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. இப்போது கொடுத்துக்கொண்டிருப்பது என்ன?

கரிசலில் இரண்டு வழி

எங்கள் பகுதி மானாவாரி பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விரல் விட்டு எண்ணலாம். கண்மாய் பெருகினால் நெல்; இல்லாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி. அதுவும் இல்லாத நிலத்தில் சீமைக்கருவேலம், கரிமூட்டம். அருப்புக்கோட்டை டவுனில் நெசவும் நூற்பாலைகளும் உண்டு. திருச்சுழிப் பக்கம் அதுவும் குறைவு. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். அதே விருதுநகர்தான் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் வருஷக்கணக்காக முன்வரிசையில் நிற்கிற மாவட்டமும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நிலம் கைவிட்ட இடத்தில் பரீட்சையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பரீட்சை கைகொடுக்காத பிள்ளைகளுக்கு இருந்த இன்னொரு வழி ஆட்டம். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் ஒருவர் கண்ணில் பட வேண்டும். அவர் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லூரி டிரயல்ஸில் நிறுத்துவார். சீட்டு கிடைக்கும். கல்லூரிக்காக ஆடினால் சர்டிபிகேட் வரும். சர்டிபிகேட் இருந்தால் போலீஸ், ரயில்வே, மின்வாரியம், வங்கி. சீட்டின் உண்மையான மதிப்பு கட்டணத் தள்ளுபடியில் இல்லை, இந்தக் கடைசிப் படியில்தான் இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, 1995-ல் அர்ஜுனா விருது பெற்றார். அவருக்கு வேலை மின்வாரியத்தில். தென்மாவட்டக் கபடிக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு அதுதான் வரைபடம். ஊர், கல்லூரி, அரசு வேலை.

ஆக நம் ஊரில் ஆட்டக்காரனுக்குக் கூலி எப்போதும் இருந்தது. அது தள்ளிவைக்கப்பட்ட கூலி. இன்றைக்கு ஆடு, நான்கைந்து வருஷம் கழித்து வேலையாக வாங்கிக்கொள். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் பாக்கி யாரிடம் கேட்பது என்பதுதான் எழுதப்படாத பகுதி.

ஆசைக்கு ஆடுகிறவர்கள்

காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்கிற எண்ணம் நம்முடையது அல்ல. நம் திருவிழாப் போட்டிகளில் பரிசு எப்போதும் உண்டு, அதற்காக யாரும் கூச்சப்பட்டதில்லை. 'அமெச்சூர்' என்கிற கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1879-ல் ஹென்லி படகுப் போட்டியின் அமைப்பாளர்கள், அமெச்சூர் என்பதற்கு வகுத்த வரையறையில் கைத்தொழிலாளரையும் கூலிக்காரரையும் வெளியே நிறுத்தினார்கள். காசு வாங்காதவன் மட்டுமல்ல, காசு தேவைப்படாதவன்தான் அமெச்சூர்.

வட இங்கிலாந்தின் மில் ஊர்களில் இது வெடித்தது. ரக்பி ஆடியவர்கள் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட வேண்டுமென்றால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு விடுதியில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியே பிரிந்தன. இன்றைய ரக்பி லீக் அப்படிப் பிறந்தது. மில் ஊர்க்காரனாக எனக்கு அந்தக் கோரிக்கையின் நியாயம் புரிகிறது. ஷிப்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் கட் என்பது அருப்புக்கோட்டையிலும் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

ஹென்லி விதி வந்த அதே 1879-ல்தான் திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. மதுரையில் படித்த காலத்தில் அவர் கால்பந்தும் மல்யுத்தமும் பழகியவர். அவர் சேர்ந்த பக்கம் ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் 'தங்கக்கை' என்று கூப்பிட்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் படித்தது அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளி. மிஷன் பள்ளிகள் வழியாகத்தான் பந்தும், பந்தோடு சேர்ந்து 'குணநலனுக்காக ஆடுவது' என்கிற கொள்கையும் தென்தமிழகத்துக்கு வந்தன. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவரும் ஓர் அமெரிக்கர்தான், ஹாரி குரோ பக். நம் பி.டி. சார்களின் பரம்பரை அங்கே தொடங்குகிறது. கபடிக்கு 1970-களில் அமைந்த தேசிய சம்மேளனத்தின் பெயரிலேயே 'அமெச்சூர்' இருந்தது. ஆடுகிறவன் விவசாயக் கூலி வீட்டுப் பையன். பெயர்ப்பலகை மட்டும் ஹென்லி படகுக்காரர்களுடையது.

அமெரிக்கா மறைத்த கணக்கு

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். நம் கபடியைப் போல உடம்பை உடைக்கிற ஆட்டம். 1929-ல் கார்னெகி அறக்கட்டளை 112 கல்லூரிகளை ஆராய்ந்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு ஏதோ ஒரு வடிவில் மறைமுகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. அங்கேயும் 'சீட்டு' இருந்தது.

அகப்பட்டவர்கள் எளியவர்கள். பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஜிம் தார்ப், கார்லைல் பள்ளியின் ஃபுட்பால் நட்சத்திரம், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் சிறிய பேஸ்பால் அணியில் சொற்பக் காசுக்கு ஆடினார் என்பதற்காக மறு ஆண்டே பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் சங்கம் பதிவேட்டைத் திருத்தியது 2022-ல்.

ஆனால் இந்த வரலாற்றின் நடுமையமாக எனக்குத் தோன்றுவது ரே டெனிசன் என்பவரின் வழக்கு. கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரி அணியில் ஆடியவர், முன்னாள் ராணுவ வீரர். 1955-ல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை, ஆகவே ஆடியவர் ஊழியர் இல்லை. அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் பரப்பியது. சங்கத்தை 1951 முதல் 1988 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ், ஓய்வுக்குப் பிறகு 1995-ல் எழுதிய புத்தகத்தில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சமாளிக்கவே அந்தச் சொல் உண்டாக்கப்பட்டது என்று ஒத்துக்கொண்டார். அழகான சொல்லாகத்தான் தெரிகிறது. அது பிறந்தது விதவையின் மனுவுக்குப் பதில் சொல்ல.

பிறகு நடந்தது பணத்தின் கதை. 1984-ல் தொலைக்காட்சி உரிமையைக் கல்லூரிகளே விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிகள் கொட்டின. பயிற்சியாளர் சம்பளம் ஏறியது, மைதானம் வளர்ந்தது, ஆடுகிறவனுக்கு மட்டும் அதே சீட்டு. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்று ஆனது. 2025-ல் நேரடிப் பணம்.

விளைவுகள் கலவையானவை. வீரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுகிறார்கள். பணக்காரக் கல்லூரிகள் இன்னும் பலம் பெறுகின்றன. வரும் தொகையில் பெரும்பகுதி ஆண்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் அணிகளுக்குக் கத்தி தொங்குகிறது. அதே சமயம், முதல் முறையாக ஆட்டக்காரன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. என்ன தருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

நம்மிடம் வந்த காசு

இங்கே காசு கல்லூரி வழியாக வரவில்லை, வெளியிலிருந்து வந்தது. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. 2022 ஏலத்தில் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. எட்டு வருஷத்தில் பதினேழு மடங்குக்கும் மேல். கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலையே 2023-ல் 9 லட்சம்.

கரிசல் கிராமத்துப் பையனுக்கு இது என்ன செய்தது? ஆசையைப் பெரிதாக்கியது. மண் களத்தில் பாடிப் போனவன் இப்போது மேட்டில் ஆடப் பழக வேண்டும் என்கிறான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர், மொத்தம் 300. இதில் ஈரான்காரர்களும் அடக்கம். நாடு முழுக்க இவ்வளவுதான்.

அரசும் காசு கொடுக்கத் தொடங்கிவிட்டது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரருக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். தமிழ்நாட்டு முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு 1 லட்சம், குழு ஆட்டத்தில் முதலிடம் பெறும் அணியின் ஒவ்வொருவருக்கும் 75,000. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம். இவை நல்லவை. ஆனால் எல்லாமே ஜெயித்தவனுக்குக் கிடைப்பவை. தினமும் விடிகாலையில் மைதானத்துக்குப் போய், மண்டல அரையிறுதியில் தோற்று, முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரும்புகிற பெரும்பான்மைக்கு மிஞ்சுவது அந்த எழுதப்படாத சீட்டு ஒன்றுதான்.

நான் பொறியியல் படித்தபோது விடுதி அறையில் உடன் இருந்தவன் திருச்சுழிப் பக்கத்துப் பையன், பாடிப் போகிறவன். செமஸ்டர் நடுவே மூன்று வாரம் டோர்னமெண்டுக்குப் போவான். திரும்பி வந்து, "மாப்ள, இந்த யூனிட்டெல்லாம் எப்ப நடத்துனாங்க?" என்பான். அரியர் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் ஆண்டில் முட்டி ஜவ்வு கிழிந்தது. அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணச் சலான் அவன் பெயருக்கு வந்தது. யாரும் கோபமாகப் பேசவில்லை, யாரும் ஏமாற்றியதாகவும் சொல்ல முடியாது. ஆடவில்லை, ஆகவே சலுகை இல்லை. அவனுடைய அப்பா கரிமூட்டம் போடுகிறவர். பத்தாம் வகுப்பு முதலான ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் ஆபீஸில் இருந்ததால் வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது அவனுக்குப் பிந்தி வந்த நல்ல சேதி.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இன்சூரன்ஸ் எவ்வளவு, அப்பா அம்மாவுக்கும் உண்டா, எல்லாம் அச்சில் இருந்தது. நான் செய்வது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. உடம்பை வைத்து ஆடியவனுக்கு ஒரு வரி இல்லை.

இரண்டு முட்டிகள்

2022 அக்டோபரில் தமிழ் தலைவாஸின் முதல் ஆட்டத்திலேயே பவன் ஷெராவத்துக்கு முட்டியில் அடிபட்டது. அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. சிகிச்சை பெற்றுத் திரும்பினார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் கேப்டனாகத் தங்கம் வாங்கினார்.

அடுத்த மாதம், 2022 நவம்பரில், சென்னையில் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கும் முட்டி ஜவ்வுதான் கிழிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றது. இன்னொரு மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். நவம்பர் 15 அன்று அந்தப் பெண் இறந்தார். அரசு குடும்பத்துக்கு 10 லட்சமும், சகோதரருக்கு வேலையும், ஒரு வீடும் தந்தது. தந்தது சரிதான். ஆனால் நாடே பேசியதால் தந்தது. அதே மாதத்தில் ஜவ்வு கிழிந்து, உயிரோடு, நொண்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி மாதம் இவ்வளவு என்று பணம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவப் பிழைக்குச் சம்பளம் மருந்தாகாது. நான் பார்ப்பது வேறு. ஒரு முட்டிக்கு விலை எழுதப்பட்டிருந்தது. அதனால் அதைச் சரிசெய்து மீண்டும் களத்தில் இறக்குவதில் பலருக்கு அக்கறை இருந்தது. இன்னொரு முட்டி யாருடைய பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

கொடுத்தால் என்ன ஆகும்

"காசு குடுக்க ஆரம்பிச்சா சின்ன காலேஜெல்லாம் டீமையே கலைச்சிரும்" என்று ஒரு பி.டி. சார் என்னிடம் சொன்னார். அவர் பயம் வெறும் பயம் அல்ல. அருப்புக்கோட்டை மாதிரி ஊரில் 1970-களிலிருந்து கலைக் கல்லூரிகளை நடத்தி வருபவை உள்ளூர்ச் சமூக அறக்கட்டளைகள். அங்கே டிக்கெட் வசூல் கிடையாது, டிவி உரிமை கிடையாது. அமெரிக்கக் கணக்கை இங்கே அப்படியே இறக்கினால், நல்ல ஆட்டக்காரர்களைச் சென்னையின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போகும். இப்போதே பாதி அப்படித்தான். கபடிக்குக் காசு வரும், கோகோவுக்கும் பெண்கள் அணிக்கும் வராது. அமெரிக்காவில் நடப்பது அதுதான்.

ஆனால் கல்லூரிக்கு வருமானமே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஜூன் மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஃபிளெக்ஸ் போர்டில் கோப்பையோடு நிற்கிற பையன்கள் முகம் தெரியும். அட்மிஷன் விளம்பரம். அந்த முகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்றுதான் அமெரிக்காவில் வழக்காடினார்கள்.

ஆகவே நான் தொகையிலிருந்து தொடங்க மாட்டேன், காகிதத்திலிருந்து தொடங்குவேன். சேர்க்கையின்போதே எழுதித் தரட்டும். எத்தனை ஆண்டுக்கு என்ன தள்ளுபடி. ஆட்டத்தில் அடிபட்டால் சிகிச்சை யார் செலவு. அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடியும் வரை சலுகை தொடருமா. டோர்னமெண்டால் தவறிய பரீட்சையை எப்போது எழுதலாம். வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் டி.சி. எத்தனை நாளில் கிடைக்கும். மாணவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு சின்ன நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகக் கூடியது. முழு அணிக்கும் மாதச் சம்பளம் கொடுப்பதைவிட நிச்சயம் மலிவு.

இதனால் ஆட்டம் கெட்டுப்போகுமா? உறவு கொஞ்சம் மாறும். "நான்தான்டா உன்னைக் கொண்டுவந்து சேர்த்தேன்" என்று சொல்லி, வீங்கின முட்டியோடு பையனைக் களத்தில் இறக்குவது கடினமாகும். நல்ல பி.டி. சார்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. தங்கள் கைக்காசில் கிரேப் பேண்டேஜ் வாங்கிக் கட்டிவிடுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கருணைக்கு ஒரு பின்பலம் கிடைக்கும்.

நம் மொழியில் உதவித்தொகை இருக்கிறது, ஊக்கத்தொகை இருக்கிறது, பரிசுத்தொகை, கருணைத்தொகை எல்லாம் இருக்கிறது. கொடுக்கிறவர் நிறுத்த நினைத்தால் எல்லாமே நின்றுவிடும். டெனிசனின் மனைவி 1957-ல் கேட்டது இவற்றில் எதையும் அல்ல, இழப்பீட்டை. அவரைத் திருப்பி அனுப்பிய நாடு எழுபது வருஷம் சுற்றி, வேறு வாசல் வழியாக அவர் கேட்ட கேள்விக்குக் கிட்டத்தில் வந்திருக்கிறது. அதிலும் அடிபட்டவனை ஊழியன் என்று சொல்ல இன்னும் தயங்குகிறது.

நமக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. வருகிற ஜூனிலும் டிரயல்ஸ் நடக்கும். ம. ரெட்டியபட்டியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் அப்பாமார்கள் மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். தேர்வானதும், "ஃபீஸ் கட்ட வேண்டாம்ல சார்?" என்று கேட்பார்கள். அதோடு, "கால்ல அடிபட்டா யார் சார் பாப்பாங்க? அதை எழுதித் தருவீங்களா?" என்றும் கேட்கலாம். ஒரே ஒரு அப்பா கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு படிவம் அச்சடித்துத்தான் ஆக வேண்டும்.